பாய்ந்து வீசும் இடக்கை

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய காலந்தொட்டுத் தமிழர் லயித்து ரசித்து வந்த குத்துச்சண்டையில், அழகும் அபாயமும் ஒருங்கே உச்சம் பெறும் பிரயோகம் எதுவென்று கேட்டால், பாய்ந்து வீசும் லெஃப்ட் ஹூக் என்றே சொல்வேன்.

முழங்கால்களை மடக்கிக் குனிந்து, எதிரியின் வயிற்றைக் குறிவைப்பதாகப் பாவனை காட்டி, உடற்பாரத்தை இடது காலில் தேக்கி, அவன் கை தாழும் க்ஷணத்தில் தரையை உதைத்தெழும்பி, மடங்கிய முழங்கையை இடுப்பின் சுழற்சியோடு சேர்த்துத் தாடையை நோக்கி வீச வேண்டும். வலக்கையோ தன் மோவாயை விட்டு அகலலாகாது. செஞ்சி, அனந்தபுரம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரரின் பாதமும் மத்தள அடியும் ஒன்றாக விழுவதைப் போல, கால் தரையைத் தொடுவதும் முஷ்டி இலக்கைத் தொடுவதும் ஏககாலத்தில் நிகழ்ந்தால்தான் குத்தில் முழுப் பலம் இறங்கும்.

அந்தரத்தில் இருக்கும் அரைக் கணத்தில் திசை மாறவோ பின்வாங்கவோ வழியில்லை. எதிரி நேராக ஒரு வலக்கைக் குத்து விட்டால், பாய்ந்தவனுடைய வேகமே அவனுக்குச் சத்துருவாகும். குறி தவறினாலோ, நிலைகுலைந்து விலாவைத் திறந்து காட்ட நேரும்.

இத்தனையும் அறிந்தே அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் பாட்டர்சன் அதைக் கையாண்டார். 1959 ஜூனில் ஸ்வீடன் வீரர் இங்கெமார் யோஹான்சன் மூன்றாம் சுற்றில் அவரை ஏழு முறை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்திருந்தார். 1960 ஜூன் 20 அன்று நியூயார்க்கில், அதே யோஹான்சனின் அஞ்சத்தக்க வலக்கைக்கு எதிரே, ஐந்தாம் சுற்றில் பாட்டர்சன் பாய்ந்து வீசிய இடக்கை, அவரை இடது பாதம் துடிதுடிக்கத் தரையில் கிடத்தியது. இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் வீரர் பாட்டர்சனே. அபாயத்தை அளந்தறிந்து, உரிய க்ஷணம் வரும்வரை பொறுத்திருக்கும் விவேகமே இவ்வித்தையின் ஜீவன்.