இழிசொல்லும் இனக்கவிதையும்

அடிமை வாணிகத்தின் வடுவைப் பாடிய கறுப்பினக் கவிஞரைத் தமிழ் மாணவர் ஏன் கற்க வேண்டும்? பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்தம் பெயரர்க்கு அக்கவிதை அயலானதன்று என்பதே விடை.

பிரிட்டிஷார் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் இயற்றினர். அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியரை ஒப்பந்தத்தில் கப்பலேற்றினர். மலாயாவுக்கான ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. அடிமை விற்கப்பட்டான், அவன் மகவும் பிறர் உடைமையாயிற்று. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கால வரம்பும் கூலியும் உண்டு. துயர் ஒத்திருப்பதால் வரலாற்றைக் குழப்பலாகாது.

மார்த்தினிக் தீவின் எமே செசேர், செனகலின் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் தமா ஆகியோர் 1930களில் பாரிசில் ஒன்றுகூடினர். தம்மினத்தை இழித்த சொல்லையே வேராக்கி ‘நெக்ரிதியூத்’ எனத் தம் கொள்கைக்குப் பெயரிட்டனர். 1939இல் வெளிவந்த நெடுங்கவிதையில் செசேர் இரக்கம் வேண்டவில்லை. தாய்மண்ணின் சோர்வையும் மறையாது காட்டிய பின்னரே நிமிர்கிறார். அக்கவிதையின் வலிமை அந்த நேர்மையில் உள்ளது.

நம் நிலை என்ன? பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலில் பீஜித் தீவின் இந்துப் பெண்களுக்காக உருகினார். அது தாயகத்திலிருந்து எழுந்த பரிவு. மலாயாத் தோட்டப் பாடலோ உழைத்தவரின் சொந்தக் குரல். கப்பலும் பிரட்டும் மரமும் அதன் பொருள். கங்காணியை எள்ளும் துணிவும் அதில் உண்டு. அதனை வெறும் ஒப்பாரியாகக் கற்பிப்பது திறனாய்வின் குறையாகும்.

மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி, நெக்ரிதியூத்தை அடியொற்றி, 1992இல் ‘கூலித்யூத்’ என்னும் கருத்தை முன்வைத்தார். ‘கூலி’ என்று ஆளைக் குறித்த ஆங்கில வழக்கின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தமிழிலோ கூலி என்பது உழைப்பின் ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) முயற்சியின் பயனையே அச்சொல்லால் குறித்தார். துரைமார் வழக்கில் அது உழைப்பவனுக்கே பெயராயிற்று; பெறவேண்டிய ஊதியம் மறைந்து, ஆளே விலைப்பொருளானான். ஆகவே கறுப்பினக் கவிஞர்க்குப் பகைவர் சொல்லை வெல்லும் பணி. நமக்கோ நம் சொல்லின் பழம்பொருளை மீட்கும் பணி.

ஆசிரியர்கள் செசேரின் கவிதையையும் தோட்டப் பாடலையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். பெடாஸ் முதியோர் நினைவில் பாடல்கள் இருப்பின், மாணவர் அவற்றை ஒரு சொல்லும் திருத்தாது எழுதிவைப்பாராக. ஒப்பாய்வுக்கு வேண்டிய முதற்சான்று அதுவே.