சமன் ஆனால் சரியாகிவிடுமா?

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலை 2018-இல் புதிதாக எழுதியபோது, ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன் செய்யும் இரு முறைகளையும் முதல் அலகிலேயே வைத்தார்கள். ஒன்று ஆக்சிஜனேற்ற எண் முறை. மற்றது அயனி-எலக்ட்ரான் முறை. இது பாராட்டத் தக்கது. இரண்டாவது முறையில் எத்தனை எலக்ட்ரான்கள் போயின, எத்தனை வந்தன என்று வரவு செலவுக் கணக்குப் போல எழுதுவதால், மின்னூட்டம் அழிவதில்லை என்னும் இயற்பியல் விதியும் கூடவே மனத்தில் பதிகிறது.

ஆனால் தேர்வுக் காலத்தில் தாம்பரம் மின்ரயிலில் கைடும் கையுமாக வரும் பிள்ளைகளிடம், விடை சரியென்று எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். இரு பக்கமும் அணுக்கள் சமம், மின்னூட்டம் சமம், ஆகவே சரி என்பார்கள். குறை இங்கேதான் இருக்கிறது.

அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவதை எடுத்துக்கொள்வோம். நூல்களில் காணும் சமன்பாடு இது:

2 பெர்மாங்கனேட் அயனி + 5 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் அயனி + 5 ஆக்சிஜன் + 8 நீர்

இப்போது இதைப் பாருங்கள்:

2 பெர்மாங்கனேட் அயனி + 1 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் அயனி + 3 ஆக்சிஜன் + 4 நீர்

பென்சிலை எடுத்து எண்ணுங்கள். இரு பக்கமும் மாங்கனீசு 2, ஆக்சிஜன் அணுக்கள் 10, ஹைட்ரஜன் 8, மின்னூட்டம் கூட்டல் 4. குற்றம் சொல்ல இடமில்லை! பெராக்சைடு 3 என்றும் 7 என்றும் வைத்துக்கூட எழுதலாம். காரணம் எளியது. பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக் கூடியது. இரண்டு பெராக்சைடு இரண்டு நீரையும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறையும் தரும். அந்தச் சமன்பாட்டை முதலாவதிலிருந்து எத்தனை முறை கழித்தாலும் கூட்டினாலும் சமநிலை கெடாது. இருமுறை கழித்தால் நம்முடைய போலிச் சமன்பாடு வந்துவிடும்.

போலி என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? எலக்ட்ரான் கணக்கைப் பாருங்கள். இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு 10 எலக்ட்ரான்கள் வேண்டும். ஒரே ஒரு பெராக்சைடு 2 எலக்ட்ரான்கள்தான் தரும். மீதி 8 பெர்மாங்கனேட்டின் சொந்த ஆக்சிஜனிலிருந்தே வந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. கனத்த ஆக்சிஜன் ஐசோடோப்பை அடையாளமாக இட்டு, வெளிவரும் வாயு பெராக்சைடிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். 1952-இல் இத்தகைய ஆய்வை வெளியிட்டவர்களில் ஒருவரான ஹென்றி டௌப், எலக்ட்ரான் மாற்ற வினைகளை ஆராய்ந்ததற்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

சோதனைச்சாலையிலும் இது தெரிந்துவிடும். மருந்துக்கடையில் வாங்கிய 6 சதவீதக் கரைசலைத் தரம்பார்த்து, போலிச் சமன்பாட்டின்படி கணக்கிட்டால் 1.2 சதவீதம் என்று வரும். கடைக்காரர் மேல் வீண்பழி!

அயனி-எலக்ட்ரான் முறை எப்போதும் முதல் விடையையே தருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பெராக்சைடு ஆக்சிஜனாகிறது என்று அரைவினையை எழுதும்போதே, சோதனையில் கண்ட செய்தியை நாம் உள்ளே வைத்துவிடுகிறோம். அதை மாணவனுக்குச் சொல்லாமல், படிகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இயற்பியல்காரனுக்கு இதில் என்ன வேலை? சேலையூர், மேடவாக்கம் பக்கங்களிலிருந்து தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தில் இரண்டு பையை விட்டுவிட்டு, "பரிமாணம் சரியாக வருகிறதே, சார்" என்கிறார்கள். அதே பழக்கம்தான். உழைப்பில் குறைவில்லாத பிள்ளைகள். சரிபார்ப்பதும் நிரூபிப்பதும் வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பாடநூலில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். வினாத்தாள் தயாரிப்பவர்களும் ஒருமுறையாவது மேலே உள்ள இரண்டு சமன்பாடுகளையும் அச்சிட்டு, எது நடக்கும், ஏன் என்று கேட்கட்டும்.