மூன்று வார லீவும் முப்பது வருஷப் பல்லும்

நெற்குப்பை மாதிரி ஊர்களில் பல் இம்ப்ளான்ட் என்பது பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் எடுக்கும் முடிவு. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருப்பவர் அறுபதாம் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ மூன்று வாரம் லீவு போட்டு வருகிறார். ஆத்தா சீடையைத் தொடாமல் ஒதுக்குவதையும், அப்பச்சி பல் செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு மோர்ச்சோறு சாப்பிடுவதையும் பார்க்கிறார். மனசு கேட்கவில்லை. காரைக்குடிக்கோ மதுரைக்கோ போன் போடுகிறார். “நான் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள முடிச்சிரலாமா?” என்பதுதான் முதல் கேள்வி.

கோளாறு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. பணம் கட்டுபவர் கடல் தாண்டி இருக்கிறார், மென்று சாப்பிட வேண்டியவர் இங்கே தனியாக இருக்கிறார். பயண நூல்களால் பேர்பெற்ற எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர் நெற்குப்பை. வெளியே போய்ச் சம்பாதிப்பதும் இங்கே புதிதல்ல. அப்படி வந்த பணத்தில் எழுந்த பெரிய வீடுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டுவதற்கு ஆள் இருந்தது. வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் இல்லை. இம்ப்ளான்ட்டிலும் பிரச்சினை கட்டுவதில் இல்லை, பராமரிப்பில்தான்.

முதலில் இம்ப்ளான்ட்டுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1950-களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் முயல்களின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக இப்படிப் பல் வேர்களைப் பொருத்தினார். 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், லார்சனின் பல் நின்றது. சரியான ஆளுக்குச் சரியாகச் செய்த இம்ப்ளான்ட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்து ஆண்டு தாண்டியும் வாயில் நிற்கின்றன. ஒரு பல் போன இடத்தில் பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்ப்ளான்ட்டில் அது இல்லை. மருத்துவ விஞ்ஞானம் தந்த நல்ல பொருள்களில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால், எலும்பு ஒட்டுவதற்கு நாள் வேண்டும். கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம். எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம்வரை. உள்ளே ஸ்க்ரூ, அதன்மேல் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் கேப் என்று மூன்று அடுக்காக நடக்கும் வேலை இது. ‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்ற விளம்பரம் முழுப் பொய்யல்ல. எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ இறுக்கமாக உட்கார்ந்தால் உடனே தற்காலிகப் பல் மாட்டும் முறை உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துவராது. அதைப் போட்டுக்கொண்டு முதல் வாரமே முறுக்கைக் கடித்தால், ஒட்டுவதற்கு முன்பே ஸ்க்ரூ ஆட்டம் காணும். விமான டிக்கெட்டின் தேதியைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த லீவில் ஸ்க்ரூவும் அடுத்த லீவில் கேப்பும் என்று பிரித்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது உடம்பு. வயதை மட்டும் காரணம் காட்டி யாரையும் தள்ள வேண்டியதில்லை. எழுபத்தைந்திலும் நன்றாக ஒட்டும். கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. அன்று காலை வெறும் வயிற்றில் பார்த்த அளவு போதாது, மூன்று மாதச் சராசரி வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சிமார் ‘நான் சிகரெட் பிடிக்கிறதில்லையே’ என்று சொல்லித் தப்ப முடியாது, அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இன்னொன்றைப் பலரும் சொல்ல மறக்கிறார்கள்: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஓர் ஊசி. தினமும் சாப்பிடாததால் அது மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. அந்த மருந்துகளில் சில, தாடையில் கைவைத்தால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்தை உண்டாக்கும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது. இதய நோய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதேதான். எழுதிக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

வேலை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். எலும்பில் துளை போடும்போது உரசலில் சூடு ஏறும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு கெடத் தொடங்கும். அதனால் சலைன் தண்ணீர் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் நேராக உங்கள் எலும்புக்குள் போகிறது. வாணியம்பாடியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2023-இல் அங்கே ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் கிருமித் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2025-இல் வெளியான ஆய்வு கைகாட்டியது சலைன் பாட்டிலை. அறுவைக் கருவியாலேயே அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அது இம்ப்ளான்ட் விவகாரம் அல்லதான். ஆனால் பாடம் இதற்கு இன்னும் அதிகம் பொருந்தும். ‘எனக்குப் புது பாட்டில் உடைங்க டாக்டர்’ என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செய்பவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். நம் நாட்டில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனி மேற்படிப்புப் பட்டம் கிடையாது. ஈறு நிபுணர், பல் கட்டும் நிபுணர், தாடை அறுவை நிபுணர், பயிற்சி எடுத்த பொதுப் பல் டாக்டர் என எல்லோரும் செய்கிறார்கள். சான்றிதழை எண்ணுவதைவிட, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது பயன்படும். சிறிய ஊர்களில் விசிட்டிங் டாக்டர் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து ஸ்க்ரூ போட்டுவிட்டுப் போவது சகஜம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். புதன்கிழமை ராத்திரி தாடை வீங்கினாலோ, உதடு மரத்துப்போனது விடியும்வரை தெளியாவிட்டாலோ யாரைக் கூப்பிடுவது? கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் ஸ்க்ரூ பட்டால் மரப்பு நிரந்தரமாகிவிடலாம், மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது. பல வேளைகளில் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பதே அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று அளக்கத்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு வருவதுதான் பெரிய கதை. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. கல் கடிபட்டால் சுருக்கென்று உணர்த்துவது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அது இல்லை. சுற்றிலும் ஈறு புண்ணாகி எலும்பு கரைந்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். தினமும் இடுக்குப் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை நடுங்கும் எண்பது வயது ஆத்தாவால் முடியுமா, யார் கூட்டிப்போவார்கள் என்பதையும் விலை விசாரிக்கும்போதே விசாரிக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒன்றிரண்டு பல் இல்லாத நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு இம்ப்ளான்ட் பெரும்பாலும் சரியான தேர்வு. பக்கத்துப் பற்களுக்கு எப்படியும் கேப் போட வேண்டியிருந்தால் பிரிட்ஜே போதும். கீழ்ப்பல் முழுவதும் போன முதியவருக்கு, வாய் நிறைய ஸ்க்ரூ அடித்து லட்சங்களைக் கொட்டுவதற்கு முன், இன்னொரு வழியைக் கேளுங்கள்: முன்பக்கம் இரண்டே இம்ப்ளான்ட், அவற்றின்மேல் கவ்விக்கொள்ளும் கழற்றக்கூடிய செட். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். செலவும் குறைவு, கழற்றிக் கழுவவும் வசதி. விளம்பரங்கள் இதை அதிகம் பேசுவதில்லை, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கருத்து கேட்க மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2023 முதல் புதுக்கோட்டையிலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் கம்பெனிப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். ஒரு கம்பெனி ஸ்க்ரூவுக்கு இன்னொரு கம்பெனியின் திருப்புளி பொருந்தாமல் போகலாம். பத்து வருஷம் கழித்துக் கேப் ஆடும்போது, போட்ட டாக்டர் ஊர் மாறியிருந்தால், அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்தவர் திண்டாடுவார். கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிவையுங்கள். போட்டோ எடுத்து, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.