ஓ.டி.பி. சொல்லுங்கம்மா!

யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று பேங்க் சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, டி.வி. சொல்கிறது. இவ்வளவு பாடம் கேட்ட ஓர் அம்மாவிடம், பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர் வந்து, ‘போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா’ என்றால் என்ன செய்வார்? சந்தேகப்படுவார். பட வேண்டும்.

டீச்சர் மேல் தப்பில்லை. கேட்க வைப்பது 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘போஷன் டிராக்கர்’ என்கிற ஆப். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு, 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் ஆதார், ஓ.டி.பி. அப்புறம் செல்போன் கேமரா முன்னால் நின்று கண் சிமிட்ட வேண்டும். ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரின் நம்பர் என்று வையுங்கள். அவர் ஷிப்ட் முடிந்து போனை எடுக்கும்வரை இங்கே மாவு காத்திருக்கும்.

பொய்ப் பெயர் எழுதி மூட்டையைக் கடத்துகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. பிடியுங்கள். அதற்காக, அந்தப் பெண்ணைத் தாவணி போட்ட நாளிலிருந்து பார்க்கிற டீச்சர், ‘இது இன்னார்தானா?’ என்று போனைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

இதே தமிழ்நாட்டில் 1980-ல், உலக வங்கிக் கடனில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. பணியாளராக எப்படிப்பட்டவரைத் தேடினார்கள் தெரியுமா? உள்ளூர்ப் பெண்ணாக இருக்கணும். ஏழையாக இருந்தால் நல்லது. ஆனால், அவர் பெற்ற பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கணும்! ‘நமக்கு வர்ற அதே வருமானம்தான் அவளுக்கும். புள்ளைங்களைப் பாரு, எப்படி வச்சிருக்கா’ என்று தெரு பேசும் இல்லையா, அதுதான் அவருடைய சர்ட்டிஃபிகேட்.

மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்குத்தான் கூடுதல் உணவு, குறைந்தது 90 நாள். தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது தன் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று எந்த அம்மாதான் சண்டைக்கு வர மாட்டார்? அட்டையைக் காட்டி, உட்கார்ந்து பேசித்தான் புரியவைக்க முடியும். கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது என்றன பிற்கால மதிப்பீடுகள். நடுத்தரச் சத்துக்குறைவில் அந்த அளவுக்கு வெற்றி இல்லை.

பி.காம். படித்த தோஷம், எனக்கு ‘நற்பெயர்’ கணக்கு ஞாபகம் வருகிறது. கடையை விலைக்கு வாங்கும்போது அதன் நற்பெயருக்குக் கொடுத்த பணத்தைச் சொத்தாக எழுதலாம். முதலாளி தானே இருபது வருஷம் உழைத்துச் சேர்த்த நற்பெயரை எழுதக் கூடாது. அங்கன்வாடி ரிஜிஸ்டரிலும் மாவு பாக்கெட், தராசு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ‘டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்பதை எழுத மட்டும் பத்தி கிடையாது. அதைத்தான் இப்போது ஓ.டி.பி. கேட்டுச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன் மக்கர் பண்ணினால், ‘இவர்தான், எனக்குத் தெரியும்’ என்ற டீச்சரின் கையெழுத்துக்கே மாவு கொடுக்க வேண்டும். தணிக்கைக்காரர் கேட்டால் டீச்சர் வேண்டாம், தெருவே பதில் சொல்லும்.