அழுக்கு முழுசாகப் போகும் வழி

கோய் மீன் வளர்க்கும் வீட்டுக்குப் போனால் எல்லோரும் குளத்துக்குள் பார்ப்பார்கள். நான் குளத்துச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவன். அங்கே ஃபில்டரின் முதல் தொட்டியில் நிற்கும் நீர், குளத்து நீரைவிட எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது? எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். ஓர் அங்குலம் என்றால் கட்டியவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும். ஆறு அங்குலம் என்றால் கொடுத்த டீயைக் குடித்து, மீனைப் புகழ்ந்து, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

இது என்ன கிறுக்கு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் மீன் கதை சொல்லவேண்டும். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் யாமாகோஷி, ஓஜியா பக்கத்து மலைக்கிராமங்களில் பனிக்காலம் கொடியது. அங்கே உழவர்கள் படிக்கட்டு வயல்களை ஒட்டிய குட்டைகளில் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவற்றில் சிவப்பும் வெள்ளையுமாகச் சில தலைகாட்டின. யாரோ ஒரு உழவர் அவற்றைக் குழம்பில் போடாமல் தனியே எடுத்துவைத்திருக்கிறார், நல்ல மனிதர். 1914இல் டோக்கியோவில் நடந்த தைஷோ பொருட்காட்சிக்கு இந்த மீன்கள் போனபிறகுதான் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டன. அன்று முதல் இன்றுவரை இவற்றின் அழகு முதுகில்தான் இருக்கிறது. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு விழுந்த கோஹாகுவைக் கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்தால் பாதி மீனைத்தான் பார்க்கிறோம். மேலிருந்து நாலைந்து அடி நீரை ஊடுருவிப் பார்க்கவேண்டும். அதற்கு நீர் தெளிந்திருக்கவேண்டும்.

நீகாத்தாவின் மண்குட்டைகளில் நீர் கலங்கித்தான் இருக்கும். அங்கே களிமண்ணே குளத்தின் தோல். கழிவைத் தின்று செரிப்பதும் அந்த மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும்தான். கோடையில் மீன் அங்கே வளரும், இலையுதிர் காலத்தில் பிடித்து உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். நம் வீட்டுப் பின்கட்டில் பதினாறு அடிக்குப் பத்தடி, நாலரை அடி ஆழத்தில் ஒரு குளம் கட்டினால் அதில் சுமார் 20,000 லிட்டர் நீர் நிற்கும். அதில் மண் கிடையாது, வயல் கிடையாது. மீனோ கெண்டை இனம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. உள்ளே போன தீனி குடலில் நேராக நகர்ந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மண் செய்த வேலையை இப்போது குழாய் செய்யவேண்டும்.

அந்தக் குழாய்வேலையின் இலக்கணம் முழுவதும் எனக்குத் தெரிந்து ஒரே விதிதான்: கழிவு உடையாமல் வெளியேறவேண்டும். முழுசாக வந்த கழிவைச் சாதாரண சல்லடை பிடித்துவிடும். அதுவே மோட்டாரின் இம்பெல்லரில் அடிபட்டுப் பொடிந்துவிட்டால் நீரோடு நீராகக் கரைந்து, பழுப்பு நிறமாகி, எந்த ஃபில்டருக்கும் சிக்காமல் சுற்றிச்சுற்றி வரும். குளத்தின் அடியில் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரைப் போட்டு, அதிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து ஃபில்டருக்கு விடுகிறார்களே, அவர்கள் கழிவை முதலில் அரைத்துவிட்டு அப்புறம் வடிகட்டப் பார்க்கிறார்கள். குளம் கட்டும் நேர்த்தி எல்லாமே மோட்டாரை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நீர் முதலில் தன் எடையால் தானே போகவேண்டும், அழுக்கை இறக்கிவைக்கவேண்டும், பிறகுதான் மோட்டாரின் கைக்கு வரவேண்டும்.

ஆகவே தரையில் வாட்டம். நல்ல கொத்தனார் மொட்டைமாடிக்கு விடுவதைவிடத் தாராளமாக, நான்கு பக்கமிருந்தும் அடிக்குழிவை நோக்கி வாட்டம் விடுவார். அந்தக் குழிவில் உட்காரும் பாட்டம் டிரெயின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை: நாலங்குல வாய், அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்குச் சற்று அதிகமான மூடி, இரண்டுக்கும் நடுவே விரலளவு இடைவெளி. மூடி இருப்பதால் நீர் நேர்மேலிருந்து இறங்காமல் தரையோடு தரையாக, எல்லாத் திசையிலிருந்தும் நுழைகிறது. தரையில்தானே அழுக்கு கிடக்கிறது! நம் ஏரிகளில் சோழர், பாண்டியர் காலத்திலிருந்தே இருக்கும் குமிழித்தூம்பை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை. அதில் நீர் போக மேலே நீரோடித் துளை, சேறு போகக் கீழே சேறோடித் துளை. பாசனத்துக்கு மடை திறக்கும்போதே வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கோய் குளத்தில் மேல்மட்டத்து இலை, தூசியை இழுக்கும் ஸ்கிம்மருக்கு ஒரு வழி, அடிக் கழிவுக்கு ஒரு வழி.

ஒரு டிரெயின் ஏறத்தாழ பத்தடி விட்டத்துக்குத்தான் பொறுப்பேற்கும். பதினாறடிக் குளத்துக்கு இரண்டு வேண்டும். இங்கேதான் சிக்கனம் பிடிப்பவர்கள் ஒரு டீ இணைப்பைப் போட்டு இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்துவிடுவார்கள். நீர் சுலபமான வழியைத்தான் தேடும். கிட்டே இருக்கும் டிரெயின் இழுக்கும், எட்ட இருப்பது தூங்கும். ஒவ்வொரு டிரெயினுக்கும் தனிப் பைப், தனி வால்வு. இதில் பேரமே கிடையாது.

பைப்பின் அளவு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 20,000 லிட்டரும் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர வேண்டுமென்றால் ஒரு டிரெயினுக்கு மணிக்கு 10,000 லிட்டர். நாலங்குலப் பைப்பில் அந்த நீர் நொடிக்கு ஓரடி வேகத்தில் நடக்கும். அழுக்கு படியாமல் நகர அது போதும், உடையாமல் இருக்கவும் அது போதும். பதினைந்தடி தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஓர் அங்குல நீர்மட்ட வித்தியாசமே வேண்டும். நான் எட்டிப் பார்க்கும் அங்குலம் அதுதான். அதே நீரை இரண்டங்குலப் பைப்பில் இழுத்தால் வித்தியாசம் ஒன்றரை அடியைத் தொடும்; ஃபில்டர் தொட்டி வற்றி மோட்டார் காற்றைக் குடிக்கும். சரி, பெரிசாகவே போடுவோம் என்று ஆறங்குலம் போட்டாலும் தப்பு. நீர் சோம்பி நடந்து, அழுக்கு பைப்புக்குள்ளேயே படிந்து அழுகும்.

திருப்பங்களில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பெண்டு. தரைக்கடியில் போவதால் கடையில் மழைநீர் இறக்க வாங்கும் ரப்பர் ரிங் பைப் ஆகாது. ஆறு கிலோ அழுத்தம் தாங்கும் பிவிசியை சால்வன்ட் தடவி ஒட்டவேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பைப்பில் நீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்காதவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. கான்கிரீட் விழுந்தபிறகு அந்த இணைப்பை எவரும் தொடமுடியாது.

குளத்தின் விளிம்புக்கு டியூப் லெவல் பிடித்து மட்டம் வைப்பார்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் இரண்டு முனையிலும் நீர் சமமாக நிற்பதும், குளமும் ஃபில்டரும் ஒரே மட்டத்தில் நிற்பதும் ஒரே விதிதான். இதன் அருமை கரன்ட் போகும்போது தெரியும். மோட்டார் நின்றால் ஃபில்டர் தொட்டி அந்த ஓர் அங்குலம் ஏறிக் குளத்தோடு சமமாகி நின்றுவிடும். வழியாது, வடியாது. கரன்ட் வந்ததும் மறுபடி ஓடும். இடையில் மீனுக்கு மூச்சுக் கொடுக்க ஏர் பம்ப்பை மட்டும் இன்வெர்ட்டரில் சேர்த்திருந்தால் போதும்.

இனி விரிப்பு. நம்மூரில் செங்கல் கட்டி, பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் அடித்து முடிப்பதுதான் வழக்கம். புதுச் சிமென்ட்டின் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றும். முடி மாதிரி ஒரு வெடிப்பு எங்காவது விழுந்தே தீரும். பண்ணைக்குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் ஹெச்டிபிஇ ஷீட் சரிவான கரைக்கு நல்லது. செங்குத்துச் சுவரும் மூலையும் உள்ள குளத்தில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். ஃபைபர் போட்டால் மடிப்பே இல்லாத வழுவழுப்பு கிடைக்கும். பார்வைக்கு அதுதான் முதலிடம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனசு ரப்பர் ஷீட்டில்தான். ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர், 1.14 மில்லிமீட்டர் கனம், வெயிலுக்கு அசையாது, தரை கொஞ்சம் அமுங்கினால் கூடவே அமுங்கும். கூரைக்குச் செய்ததை வாங்காமல் மீனுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்பதை வாங்கவேண்டும். நம் பதினாறடிக் குளத்துக்கு இருபத்தேழுக்கு இருபத்தோரடி ஷீட் தேவைப்படும். ஏறத்தாழ எழுபது கிலோ எடை, நாலு பேர் பிடிக்கவேண்டும். கீழே கல் குத்தாமலிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி.

நிலத்தடி நீர் மேலே வரும் இடமாக இருந்தால் இந்த ஷீட்டுக்கு ஒரு எதிரி உண்டு. கடலோரச் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அடியிலிருந்து நீர் தள்ளினால் ஷீட் நடுக்குளத்தில் புடைத்து எழும்பும். அங்கே தரைக்கடியில் நீர் வெளியேற ஒரு வழி முன்பே வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் குளத்தைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டிவிடுவது உத்தமம்.

மூலைமடிப்பில்தான் விரிப்பவரின் கை தெரியும். அவசரக்காரர் ஒரு மூலைக்குப் பத்துச் சுருக்கம் விடுவார். ஒவ்வொன்றும் அழுக்குக்கு ஒரு பை. தேர்ந்தவர் மிச்சம் முழுவதையும் திரட்டி ஒரே பெரிய மடிப்பாக்கி, அதன் வாய் நீரோட்டத்தை எதிர்கொள்ளாமல், ஓட்டம் போகும் திசைக்குத் திரும்பியிருக்கும்படி சாய்த்துவைப்பார். தண்ணீர் நிரம்பியபிறகு அந்த மடிப்பைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு வரும் ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். ஒரு சொட்டும் கசியக்கூடாதென்று விரித்த ஷீட்டை, அதன் மிக ஆழமான இடத்தில், வேண்டுமென்றே அறுக்கவேண்டும். முதலில் ஒரு சாண் நீர் விட்டு ஷீட்டைத் தரையோடு படியவைத்து, நீரை இறைத்துவிடுவார்கள். அடியில் புதைந்திருக்கும் டிரெயினின் ஃபிளேஞ்சை விரல்நுனியால் தடவித் தேடுவார்கள். ஸ்க்ரூ துளைகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டும். மேலே வளையத்தை வைத்து, எஸ்எஸ் ஸ்க்ரூக்களை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். ஒரு பக்கமே முறுக்கினால் ரப்பர் பிதுங்கி மறுபக்கம் வாய் பிளக்கும். சீலன்ட் தடவினாலும் அது துணைக்குத்தான். கசிவை நிறுத்துவது இரண்டு தட்டுகளின் சமமான இறுக்கம். எல்லாம் முடிந்தபின் பிளேடை எடுத்து வளையத்துக்கு உள்ளே வட்டமாக ஒரே இழுப்பு. முன்பே அறுத்துவிட்டு வளையம் வைக்கிறவர்கள் உண்டு. ஷீட் அரை அங்குலம் நகர்ந்தால் புது ஷீட்டுக்குக் காசு எடுத்துவைக்கலாம்.

நீர் திரும்பி வரும் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிட்டர்ன் பைப்புகளைச் சுவருக்கு நேராக நீட்டாமல் ஒரே சுற்றாகச் சாய்த்துவைத்தால் குளம் மெதுவாகச் சுழலும். டீக்கோப்பையைக் கலக்கினால் தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிகிறதல்லவா? 1926இல் ஐன்ஸ்டைன் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று எழுதிய கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார்: அடிப்பரப்பில் உரசும் நீர் வேகம் குறைந்து, தரையோடு உள்நோக்கி நகர்கிறது. கூடவே கனமானதையும் இழுத்துக்கொண்டு போகிறது. அப்படிக் குவியும் இடத்தில் டிரெயின் இருக்கவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, அழகுக்கென்று தரையில் கூழாங்கல் பரப்புகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

ஃபில்டரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். முழுசாக வந்த கழிவை முதலில் படியவிட்டோ சல்லடையிலோ டிரம் ஃபில்டரிலோ பிரித்துவிடவேண்டும். அடுத்த தொட்டியில் காற்றில் புரளும் சின்னச்சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள். 1980களின் பிற்பகுதியில் நார்வேயில் நகரக் கழிவுநீருக்காக உருவான உத்தி இது. அவற்றின் மேல் குடியேறும் பாக்டீரியா, மீன் செவுள்வழி விடும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீனை நிறையப் போடக்கூடாது. மோட்டார் இதற்கெல்லாம் கடைசியில், தெளிந்த நீரை ஓரிரண்டு அடி தூக்கிவிட்டால் போதும். தூக்கும் உயரம் குறைவென்பதால் இரவும் பகலும் ஓடினாலும் கரன்ட் பில் மிரட்டாது.

வாரம் ஒருமுறை வால்வை மூடி, முதல் தொட்டியைக் காலிசெய்து, வால்வைச் சட்டென்று திறப்பார்கள். குளத்து நீர் முழு எடையோடு பைப்புக்குள் பாய்ந்து, உள்ளே ஒட்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். எத்தனை நொடி கறுப்பாக வருகிறது என்று எண்ணுவேன். ஒழுங்கான பைப்பில் இரண்டு மூன்று நொடியில் தெளிந்துவிடும். நீண்டநேரம் கறுத்து வந்தால் எங்கோ வாட்டம் தப்பியிருக்கிறது. அந்த நீரைச் சாக்கடையில் விடுகிறவர்கள் பின்கட்டில் நாலு வாழைக்கன்று நடலாம். நைட்ரேட்டும் வண்டலும் கலந்த அந்த நீரில் வாழை வளர்கிற வேகத்தைப் பார்த்தால், அடுத்த வருஷம் மீனுக்கு வாங்கும் தீனிக் காசில் பாதியையாவது தாரில் எடுத்துவிடலாம்.