வலுவற்ற தரைத்தளம் என்னும் தற்காப்பு

நிலநடுக்கத்தில் தரை திடீரென நகரும்போது, உடன் நகர மறுக்கும் மேல்தளங்களின் நிறை தூண்களின் மீது பக்கவாட்டு விசையாக வந்து இறங்குகிறது. அந்த விசை மேலே ஏறாதபடி தரைத்தளத்திலேயே அடக்கிவிட்டால் எஞ்சிய தளங்கள் பிழைக்கும் என்ற எண்ணம் அமெரிக்கப் பொறியாளரிடையே 1930களை ஒட்டியே தோன்றிவிட்டது. மார்ட்டெல் 1929இல் ஆராய்ந்த இக்கருத்தை 1935இல் நார்மன் கிரீன் ஒரு கட்டுமான முறையாகவே முன்வைத்தார். 1969இல் மார்க் ஃபின்டெலும் சிகாகோவின் வானளாவிகளால் புகழ்பெற்ற ஃபஸ்லூர் கானும் அதற்குப் புத்துயிர் அளித்தனர்.

இதன் தர்க்கத்தில் குறை காண்பது எளிதன்று. தரைத்தளத் தூண்கள் நெகிழ்வாக இருந்தால் கட்டடத்தின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரம், நீளுகிறது. உறுதியான தரையில் நிலநடுக்கத்தின் ஆற்றல் பெரும்பாலும் குறுகிய அலைவு நேரங்களிலேயே குவிந்திருப்பதால், கட்டடம் அந்த ஆபத்தான எல்லையைவிட்டு விலகிவிடுகிறது. மேலும், தரைத்தளம் எந்த விசையில் இளகி வளையத் தொடங்குகிறதோ அதற்கு மிஞ்சிய விசையை அதனால் மேலே கடத்த முடியாது. மின்சுற்றைக் காக்க உருகிப்போகும் ஃபியூஸ் கம்பியின் வேலையைத்தான் அத்தளம் செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், இங்கே ஃபியூஸாக நிறுத்தப்பட்ட தூண்களே கட்டடத்தின் முழு எடையையும் சுமக்கின்றன. மேல்தளங்கள் விறைப்பாக இருக்க, இடப்பெயர்ச்சி முழுவதும் ஒரே தளத்தில் குவிகிறது. 3 மீட்டர் உயரத் தூண்களின் தலை 30 சென்டிமீட்டர் விலகினால், மேலுள்ள எடையின் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான பக்கவாட்டு விசையை, நிலம் அசையாவிட்டாலும், அந்த எடை தானே உண்டாக்கிக்கொள்ளும். குறைந்த விசையில் இளகும்படி வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்ட தளத்தை வீழ்த்த இதுவே போதும். மேல்தளங்களுக்கு மெய்யான பாதுகாப்புக் கிடைக்கத் தரைத்தளம் மிகத் தாழ்ந்த விசையிலேயே இளகவேண்டும் என்றும், அப்போது அத்தளம் தாங்கவேண்டிய இடப்பெயர்ச்சி மிகப் பெரிதாகிவிடும் என்றும் ஆய்வாளர்களான சோப்ராவும் கிளஃபும் அவர்தம் துணையாசிரியரும் 1973இல் கணித்துக் காட்டினர். அன்றாடக் காற்றுவிசையைத் தாங்கவேண்டிய தூணை அவ்வளவு குறைந்த வலிமையோடு வடிவமைப்பதும் இயலாது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1971 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் ஒரு சான்றை விட்டுச் சென்றிருந்தது. புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையில், மேல்தளங்களில் இருந்த கான்கிரீட் சுவர்கள் கீழ்த்தளங்கள்வரை இறங்கவில்லை; தரைத்தளம் ஏறத்தாழ 2 அடி சாய்ந்து நிலைத்துவிட, மருத்துவமனை பின்னர் இடிக்கப்பட்டது. அது மேற்சொன்ன நெகிழ்தளக் கொள்கைப்படி திட்டமிடப்பட்ட கட்டடம் அல்ல என்பதை நினைவில் கொள்ளவேண்டும். எனினும் சுருள் கம்பி சுற்றப்பட்ட தூண்கள் சிதைந்தும் எடையைத் தாங்கி நின்றதும், இடைவெளிவிட்டு வளையக் கம்பி கட்டப்பட்ட மூலைத் தூண்கள் நொறுங்கியதும், இக்கொள்கை எத்தகைய கம்பிக்கட்டை வேண்டி நிற்கிறது என்பதை உணர்த்தின.

இந்தியாவில் இதே வடிவம் எந்தக் கொள்கையும் இன்றி, வாகன நிறுத்தத்தின் பொருட்டு வந்து சேர்ந்தது. மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் அடைத்திருக்க, கீழே வெறும் தூண்கள் மட்டும் நிற்கும் அடுக்குமாடிகள் 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த புஜ் நிலநடுக்கத்தில், அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல இடங்களில் சரிந்தன. அன்றைய வடிவமைப்புக் கணக்கில் செங்கல் சுவர் வெறும் எடையாகவே கொள்ளப்பட்டது. அது மேல்தளங்களுக்குத் தரும் விறைப்பு கணக்கிலேயே ஏறவில்லை. ஆதலால் தரைத்தளம் நெகிழ்தளமாகிவிட்டதைப் பொறியாளரின் காகிதமே காட்டவில்லை.

அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893, மேல்தளத்தின் விறைப்பில் 70 விழுக்காட்டுக்குக் குறைந்ததை நெகிழ்தளம் என வரையறுத்து, அத்தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2.5 மடங்கு நிலநடுக்க விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. இத்தீர்வு பாதி மட்டுமே சரி. வலிமையைப் பெருக்குவதால் விறைப்பு அதே அளவில் பெருகிவிடாது. தூணோடு உத்தரமும் வலுப்பெறும்போது, உத்தரம் முதலில் வளையவேண்டும் என்ற நல்வழக்கமும் கெடுகிறது. பக்கவிசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்களைத் தரைவரை இறக்கும் மாற்றுவழியை அவ்விதியே தந்திருந்தது. சில கார்களுக்கான இடம் போகும் என்பதே அதற்கு எதிரான பெரிய தடை.

கிரீனின் மூல எண்ணம் வேறோர் உருவில் வெற்றி பெற்றுவிட்டது. நியூசிலாந்தில் பில் ராபின்சன் உருவாக்கிய ஈய-ரப்பர் தாங்கிகளின் மீது கட்டடத்தை அமர்த்தும் அடித்தளத் தனிமைப்படுத்தலில், ரப்பரும் எஃகுத் தகடுகளும் எடையைச் சுமக்க, நடுவிலுள்ள ஈயம் இளகி ஆற்றலை உறிஞ்சுகிறது. அசைவதும் சுமப்பதும் ஒரே தாங்கிக்குள் நடந்தாலும், பெரும் இடப்பெயர்ச்சிக்கென்றே அது செய்யப்பட்டுள்ளது. கட்டடத்தைச் சுற்றி அசைவுக்கு இடைவெளி விடுவது, குழாய் இணைப்புகளை நெகிழ்வாக்குவது போன்ற கூடுதல் செலவுகள் இதில் உண்டு. மென்மண்ணில் அதன் பயனும் குறையும். 2001இல் இடிந்த புஜ் மருத்துவமனைக்கு மாற்றாக எழுந்த புதிய மருத்துவமனை இத்தகைய தாங்கிகளின் மீதே நிற்கிறது.