ஒன்றரை நிமிட ஆட்டத்துக்கு என்ன விலை?

அமெரிக்கப் பால்ரூம் நடனப் போட்டிகளில் ‘ப்ரோ-ஆம்’ என்றொரு பிரிவு உண்டு. தொழில்முறை ஆசிரியரும் அவரிடம் கற்கும் அமெச்சூர் மாணவரும் ஜோடியாக ஆடுவார்கள். நடுவர்கள் மதிப்பிடுவது மாணவரை மட்டும். மாணவர்களில் பெண்களே அதிகம். பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் நிறைய வருகிறார்கள்.

இதன் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். அறுபது வயதில் வால்ட்ஸ் கற்கத் தொடங்கிய ஒருவர், தொழில்முறைப் போட்டிகளில் பெயர் வாங்கிய கலைஞரின் கைபிடித்து, அதே தளத்தில் ஆட முடிகிறது. டென்னிஸில் இது நடக்கிற காரியமா? வயதுவாரியாகவும், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்ச்சிவாரியாகவும் பிரித்திருப்பதால் புதியவர் கூச்சமின்றி இறங்கலாம். தேர்ந்த துணையோடு ஆடும்போது உடம்பு கற்றுக்கொள்ளும் வேகமும் தனி.

ஆனால் அந்தத் துணையின் செலவு முழுவதும் மாணவர் தலையில். முக்கால் மணி நேரத் தனிவகுப்பு 100 டாலரை ஒட்டி வரும். போட்டிக்குப் போனால் ஆசிரியரின் பயணம், விடுதி, அன்றைய ஊதியம். கல் பதித்த கவுனுக்குச் சில ஆயிரம் டாலர். இவையாவது கண்ணுக்குத் தெரிந்த செலவு. கணக்கு எகிறுவது நுழைவுக் கட்டணத்தில்தான். வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். ஓர் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஒரே மாணவர் ஒரே நாளில் பல பத்து ஆட்டங்களுக்குப் பெயர் கொடுப்பது சாதாரணம். சிலவற்றில் எதிர்த்து ஆட வேறு ஜோடியே இருக்காது. பரிசு மட்டும் வந்துவிடும்.

எத்தனை ஆட்டம் என்று முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் ஆசிரியர். ஆட்டம் கூடக்கூட அவர் வருமானமும் கூடுகிறது. போதாக்குறைக்கு, பல போட்டிகளில் ‘சிறந்த ஆசிரியர்’, ‘சிறந்த ஸ்டுடியோ’ விருதுகளே அவர்கள் கொண்டுவந்த நுழைவுகளைக் கணக்கிட்டுத்தான் வழங்கப்படுகின்றன. ஆலோசனை சொல்பவரே விற்பவராகவும் இருக்கிறார். என் பார்வையில், விலையைவிடப் பெரிய குறை இதுதான்.

இது இன்று முளைத்ததல்ல. ஃபுளோரிடாவில் ஆட்ரி வோக்ஸ் என்ற கைம்பெண், 1961 முதல் ஆர்தர் மர்ரே ஸ்டுடியோ ஒன்றில் 2,302 மணி நேர வகுப்புகளை 31,090 டாலருக்கு வாங்கினார். அன்று அந்த நாட்டில் இரண்டு வீடு வாங்கக்கூடிய தொகை. முன்னேறுகிறீர்கள், திறமை இருக்கிறது என்று புகழ்ந்தே பதினான்கு ஒப்பந்தங்களை விற்றார்கள். உண்மையில் தாளமே தனக்குப் பிடிபடவில்லை என்பது அவரது முறையீடு. கீழ் நீதிமன்றம் தள்ளிய வழக்கை 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணைக்கு உரியதென்று உயிர்ப்பித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் வழக்கு அது. கலிஃபோர்னியா மாநிலத்தில் நடன ஸ்டுடியோ ஒப்பந்தங்களுக்கென்றே தனிச் சட்டம் உண்டு.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொழில்முறைப் போட்டியில் கிடைக்கும் பரிசுப் பணம் பயிற்சிச் செலவுக்கே காணாது. ப்ரோ-ஆம் மாணவர்கள் தரும் பணத்தில்தான் பலரது கலை வாழ்க்கை ஓடுகிறது. அந்தப் பணம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அதை வெளிப்படையாகக் கேட்கலாம். ஆண்டுக்கு எத்தனை போட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆட்டம், மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் நேர்மையான ஆசிரியருக்கு இழப்பு எதுவுமில்லை. நுழைவு எண்ணிக்கைக்கு விருது தருவதைப் போட்டி நடத்துவோர் நிறுத்த வேண்டும்.

மாணவருக்கு வேறு வழியும் இருக்கிறது. இன்னொரு அமெச்சூரோடு ஜோடி சேர்ந்தால் வகுப்புக் கட்டணம் பாதியாகும், துணைக்கு ஊதியமும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நடன அணிகள் இப்படித்தான் குறைந்த செலவில் போட்டியிடுகின்றன. நல்ல துணை கிடைப்பது கடினம்தான். ப்ரோ-ஆமே வேண்டும் என்பவர்கள், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முழு ஆண்டுக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கும் ஸ்டுடியோவில் சேராதீர்கள்.